நன்றியுரையில் டெனிஸ் ஹாலம்

பீலெஃபெல்ட் நகரத்தில் இயங்கும் அனைத்துலக முத்தமிழ் மேம்பாட்டு ஒன்றியத்துக்கு அந்த ஒரு கிளைதான் உண்டு. பிறகெதற்கு 'அனைத்துலக' என்று எவராவது கேட்டால், மற்றக் கிளைகளுக்கான விண்ணப்பங்கள் பரிசீலனையில் இருப்பதாகத் தலைவர் இராசலிங்கம் பத்தொன்பது வருடமாகச் சொல்லிவருகிறார். உறுப்பினர்கள் இருபத்தொன்பது பேர். பொறுப்புகள் முப்பத்தொன்று. ஆகவே பொறுப்பில்லாத உறுப்பினர் என்று அங்கே ஒருவரும் இல்லை. இரண்டு பேருக்கு இரண்டிரண்டு பொறுப்பு. அவர்கள் சில கூட்டங்களில் தங்களுக்கு எதிராகத் தாங்களே வாக்களித்திருக்கிறார்கள்.

ஒன்றியத்தின் மேடையில் எவரையும் வெறும் பெயரால் அழைப்பதில்லை. எல்லோருக்கும் பட்டம் இருக்கிறது. தலைவர் 'இசைத் தென்றல்'. செயலாளர் கமலநாயகி 'நிர்வாகத் திலகம்'. மண்டபத்தில் கதிரை அடுக்குகிறவருக்கே 'ஒழுங்கமைப்புச் செம்மல்' என்று பொன்னாடை போர்த்தியாகிவிட்டது. பட்டம் இல்லாத ஒரே ஆள் கொட்வின். மற்றவர்களுடைய பட்டங்களை வாசிப்பது அவருடைய வேலை என்பதால், அவருக்கும் ஒன்று வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

கொட்வின் மன்னாரில் பிறந்தவர். யேர்மனிக்கு வந்து முப்பத்து நான்கு வருடம். பகலில் நகரத்து இசைப் பள்ளியொன்றில் ஹவுஸ்மைஸ்டர். அந்தக் கட்டடத்தின் சாவி, குழாய், வெப்பமூட்டி, கதவு, குப்பை எல்லாம் அவர் பொறுப்பு. ஒன்றியத்தில் அவருடைய பதவி 'உப செயலாளர், நன்றியுரை'. நன்றியுரைக்கு எவரும் போட்டியிடுவதில்லை. அந்த நேரத்தில் சபை கொத்துரொட்டிக்கு வரிசையில் நிற்கும். ஆனாலும் ஆபத்தான பதவி அது. எட்டு வருடத்துக்கு முன்னர் கொட்வின், வடை சுட்டுக்கொண்டுவந்த ஒரு அம்மாவின் பெயரை மறந்துபோனார். அந்த அம்மாவோடு ஆறு குடும்பங்கள் வெளியேறி அடுத்த தெருவில் வேறு ஒன்றியம் தொடங்கின. அதன் முதலாவது தீர்மானமே கொட்வினைக் கண்டிப்பதுதான்.

அன்றிலிருந்து விதி பதினான்கு நடைமுறைக்கு வந்தது. நன்றியுரைப் பட்டியலைச் செயற்குழு அங்கீகரித்து முத்திரை குத்தித் தரும். மேடையில் ஒரு பெயரைக் கூட்டவும் ஏலாது, குறைக்கவும் ஏலாது. பெயர் விடுபட்டவர்களைப் பட்டியலின் கடைசி வசனம் பார்த்துக்கொள்ளும்: 'மற்றும் பெயர் குறிப்பிடத் தவறிய அனைத்து நல்லுள்ளங்களுக்கும் எமது நன்றிகள்.' அந்த வசனம் வந்த பிறகு ஒன்றியம் உடையவில்லை. இரண்டு தரம் மட்டும் விரிசல் விட்டது.

இனி டெனிஸ் ஹாலம்.

இசைப் பள்ளியின் இரண்டாம் மாடியில் பியானோ கற்பிக்கும் ஆங்கிலேயர் அவர். வயது எழுபத்தொன்று. பத்தொன்பதாவது வயதில் இலண்டனின் ஒலிப்பதிவுக் கூடங்களுக்குள் நுழைந்து, ரொக் இசைக் குழுக்களுக்குக் கூலிக்குக் கீபோர்ட் வாசித்தவர். காலையில் ஒரு குழு, பிற்பகலில் இன்னொரு குழு. அந்தக் குழுக்களில் அழகான தலைமுடியோடு ஒரு கீபோர்ட்காரன் ஏற்கெனவே இருப்பான். கஷ்டமான இடங்கள் அவனுக்கு வராது. டெனிஸ் போய் வாசித்துப் பதிவுசெய்து கொடுத்துவிட்டுத் தேநீர் குடித்துக் கிளம்பிவிடுவார். தொலைக்காட்சியில் அந்தத் தலைமுடிக்காரன் கையை மட்டும் அசைப்பான். இசைத்தட்டின் உறையிலும் அவன் பெயர்தான் இருக்கும். இருநூறுக்கு மேற்பட்ட இசைத்தட்டுகளில் டெனிஸின் விரல் இருக்கிறது. ஆளை எவருக்கும் தெரியாது.

ஒரேயொரு தரம் ஒரு குழுவோடு யேர்மனி முழுவதும் மேடை மேடையாகப் போனார். பாடகன் ஒவ்வொரு நாளும் கடைசியில் குழுவினரைப் பெயர் சொல்லி அறிமுகம் செய்வானாம். டெனிஸை ஒலிபெருக்கிக் கோபுரத்துக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார்கள். பாடகனுக்கு அவர் தெரியவில்லை. நாற்பத்தொரு நாளும் தெரியவில்லை. அந்தப் பயணத்தில் பீலெஃபெல்டில் ரெனாற்ற என்ற பெண்ணைச் சந்தித்து இங்கேயே தங்கிவிட்டார். ரெனாற்ற இறந்து ஆறு வருடமாகிவிட்டது.

"என் பெயரை ஒருவன் மேடையில் சொல்லி நான் கேட்டதே இல்லை, கொட்வின்," என்றார் ஒருநாள் படிக்கட்டில் இருந்து தேநீர் குடித்தபடி. இரண்டு பேரும் யேர்மன் மொழியில்தான் கதைப்பார்கள், ஆளுக்கொரு உச்சரிப்பில். "பெரிய விருது ஒன்றும் வேண்டாம். பெயரைச் சொன்னால் போதும். அது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஆசை."

கொட்வினுக்கு நெஞ்சு இளகிவிட்டது. "எங்கள் விழாவுக்கு வா. ஒரு பாட்டுக்கு வாசி. நான்தான் பெயர்களை வாசிக்கிறவன். உன் பெயரைச் சொல்கிறேன்," என்று வாக்குக் கொடுத்தார். விதி பதினான்கு அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

செயற்குழுவுக்கு வெள்ளைக்காரன் என்ற சொல் கேட்டதும் உற்சாகம் பொங்கியது. சர்வதேச ரொக் இசை மேதை என்று துண்டுப்பிரசுரம் அடிக்கலாம் என்றார் ஒருவர். கமலநாயகி மட்டும் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார்.

"நாக்வைஸ் இருக்கோ, கொட்வின்? அத்தாட்சி இல்லாமல் ஒண்டும் ஏலாது."

அடுத்த கூட்டத்துக்குக் கொட்வின் பதினொரு இசைத்தட்டுகளைப் பையில் சுமந்துகொண்டு போனார். செயற்குழு அவற்றை மேசையில் பரப்பி ஆராய்ந்தது. ஒவ்வொன்றிலும் நாலைந்து பேர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். டெனிஸ் ஹாலம் என்ற பெயர் எங்கும் இல்லை. கடைசியில் ஒரு உறையின் உட்பக்கத்தில், எறும்பளவு எழுத்தில், 'மேலதிக விசைகளும் தேநீரும்: டென்' என்று இருந்ததைக் கமலநாயகி கண்டுபிடித்தார்.

"இது தேத்தண்ணி போட்டவற்ர பேர்," என்றார்.

"இல்லை அக்கா, அது அங்க ஒரு பகிடிக்கு..."

தலைவர் இராசலிங்கம் எழுந்தார். அவர் எழுந்தால் மற்றவர்கள் கதிரையில் இருக்க வேண்டும் என்பது விதி ஆறு.

"பேர் இல்லாட்டி ஆள் இல்லை," என்று தொடங்கினார். "நானும் ஒரு கலைஞன். நான் ஒரு சீடி வெளியிட்டனான். அதில என்ர பேர் எத்தினை இடத்தில இருக்கு? பதினேழு இடத்தில. பாட்டு ஆறுதான். அப்ப பாருங்கோ. இந்த மனுசன் உண்மையிலை வாசிச்சிருந்தா, ஐம்பது வருசமா ஒருத்தரும் ஏன் பேர் போடேல்லை? இப்ப நாங்கள் முதல் ஆளாப் போட்டா, அது வரலாற்றைத் திரிக்கிற வேலை. நான் தலைவரா இருக்கிற வரைக்கும் இந்த மேடையில தகுதி இல்லாத ஒருத்தருக்கும் பேர் வராது. அப்பிடி வந்திருந்தா அது நான் வாறதுக்கு முதல்."

ஒன்றியத்தைத் தொடங்கியவரே அவர்தான். அதை எவரும் ஞாபகப்படுத்தவில்லை.

அப்போது அறிவிப்பாளர் வசந்த்குமார் கை உயர்த்தினார். நகரசபைக்கு அனுப்ப வேண்டிய ஒருங்கிணைவு அறிக்கைக்கு, மேடையில் ஒரு யேர்மன்காரர் நிற்கிற படம் தேவை. "போன வருசம் மின்சாரம் திருத்த வந்தவரைத்தான் படமெடுத்தனாங்கள். அவர் ஏணியில நிண்டவர். நகரசபை கேள்வி கேட்டது."

"இவர் ஆங்கிலேயர்," என்றார் கொட்வின்.

"படத்தில தெரியாது."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. திரு. டெனிஸ், இசைத் தென்றல் அவர்கள் கரோக்கே ஒலிநாடாவுக்குப் பாடும்போது, பின்னால் ஓர்கன் கீபோர்ட்டோடு நிற்பார். வயர் செருகப்பட மாட்டாது. "ஓர்கன் சத்தம் வந்தா என்ர குரலை மறைச்சுப்போடும்," என்று தலைவர் காரணம் சொன்னார். கூட்டக் குறிப்பில் 'பார்வைக்கு மட்டும்' என்று பதிவானது.

"நான் அவருக்குச் சொல்லிப்போட்டன் அண்ணை... பேர் சொல்லுவம் எண்டு," என்றார் கொட்வின்.

"சொல்லுவம்தானே," என்றார் தலைவர் பெருந்தன்மையாக. "எல்லாரையும் சொல்லுறம்தானே."

ஏகமனதான அந்தத் தீர்மானத்தில் கொட்வினுடைய கையும் உயர்ந்திருந்தது. உயர்த்தாவிட்டால் ஏகமனது ஆகாது என்று கமலநாயகி பார்த்துக்கொண்டிருந்தார். அன்று வீட்டுக்குப் போய்ப் புஷ்பமலரிடம் சொன்னபோது, மனைவி கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டார். "அப்ப அந்த மனுசனிட்ட என்னெண்டு சொல்லப்போறியள்?"

அவர் சொல்லவில்லை. அதுதான் கதை. மறுநாள் இரண்டாம் மாடிக்கு ஏறிப் போனவர், "தலைவர் ஒரு பாட்டுப் பாடுகிறார். நீ வாசிக்க வேண்டும்," என்று ஒலிநாடாவைக் கொடுத்ததோடு நிறுத்திக்கொண்டார். வயரைப் பற்றி நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தார். டெனிஸ் உடனே காதிலிருந்து பென்சிலை எடுத்து, "எந்தச் சுருதி?" என்று கேட்டார்.

பத்து நாள் டெனிஸ் பயிற்சி செய்தார். கொட்வின் தாழ்வாரம் துடைக்கும்போதெல்லாம் கதவுக்குள்ளே தமிழ்ப் பாட்டு கேட்டது. வளைந்து நெளிந்து போகிற கமகங்களைப் பிடிப்பதற்கு அந்த ஆள் தாளத்தை மெதுவாக்கி, திரும்பத் திரும்ப வாசித்து, ஏழு தாளில் எழுதி வைத்திருந்தார். "மூன்றாவது சரணத்தில் இந்த ஒலிநாடா அரைத் தாளம் பிழைக்கிறது," என்று ஒருநாள் கொட்வினைப் பிடித்து நிறுத்திக் காட்டினார். "உன் தலைவர் அந்த இடத்தில் தடுமாறுவார். கவலைப்படாதே, நான் பிடித்துக்கொள்வேன். என் தொழிலே அதுதான்." கொட்வின் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். சொல்ல வேண்டிய நாளைகள் ஒவ்வொன்றாகத் தீர்ந்துகொண்டிருந்தன.

விழா ஜூன் மாதத்து ஞாயிறு, பிற்பகல் இரண்டு மணி என்று போட்டிருந்தார்கள். நாலே காலுக்குத் தொடங்கியது. டெனிஸ் ஒன்றரைக்கே வந்து, கறுப்புக் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக முன்வரிசையில் இருந்தார். மங்கள விளக்குக்கு ஐந்து திரி, ஏற்ற வந்தவர்கள் பதினாலு பேர். ஏற்றிய திரியை அணைத்து அணைத்து மறுபடி ஏற்றினார்கள். அதன் பிறகு வரவேற்புரை, தலைமையுரை, தலைமையுரையைப் பாராட்டி ஒரு சிற்றுரை. பொன்னாடைகள் வந்துகொண்டே இருந்தன. போர்த்தியவற்றை மடித்து வைக்க மேடையில் இடமில்லாமல், அங்கிருந்த கீபோர்ட்டின் மேலே அடுக்கினார்கள். தலைவருடைய முறை வந்தபோது ஒழுங்கமைப்புச் செம்மல் அவற்றைத் தூக்கிக் கதிரையில் போட்டுவிட்டு, "இனி நீங்கள் நிக்கலாம்" என்று டெனிஸுக்குச் சைகை காட்டினார்.

டெனிஸ் ஏழு தாளையும் விரித்து வைத்தார். விசையொன்றைத் தொட்டுப் பார்த்தார். சத்தமில்லை. குனிந்து பின்னால் பார்த்தார். வயர் அழகாகச் சுருட்டி, நூலால் கட்டப்பட்டிருந்தது.

மேடையின் ஓரத்தில் நின்ற கொட்வினை அவர் நிமிர்ந்து பார்த்தார். கொட்வின் தன் சப்பாத்தைப் பார்த்தார்.

ஒலிநாடா தொடங்கியது. தலைவர் பாடினார். டெனிஸ் வாசித்தார். கை அசைக்கவில்லை, வாசித்தார். ஓரத்தில் நின்ற கொட்வினுக்கு மட்டும் அந்த விரல்கள் தெரிந்தன. பத்து நாள் கேட்ட பாட்டு, எந்த விசைக்கு எந்த ஒலி என்று அவருக்குப் பாதி பாடமாகியிருந்தது. மூன்றாவது சரணத்தில் ஒலிநாடா பிழைத்தது, தலைவர் தடுமாறினார். அந்த இடத்தில் டெனிஸின் இடது கை ஒரு நொடி பொறுத்து நின்று, தலைவர் வந்து சேரட்டும் என்று ஒரே சுரத்தைப் பிடித்து வைத்திருந்து, பிறகு அவரைக் கூட்டிக்கொண்டு போகப் பார்த்தது. தலைவர் வந்து சேரவேயில்லை. அவருக்குத்தான் எதுவும் கேட்கவில்லையே. நானூறு பேர் இருந்த மண்டபத்தில் ஒரு ஹவுஸ்மைஸ்டருக்கு மட்டும் கண் கலங்கியது.

வசந்த்குமார் படமெடுத்து முடித்ததும் தலைவர் ஒலிவாங்கியை விடாமல் பேசினார். "உறவுகளே! ஒரு காலத்தில வெள்ளைக்காரனுக்குப் பின்னால நாங்கள் நிண்டம். இண்டைக்கு எனக்குப் பின்னால ஒரு வெள்ளைக்காரனை நான் நிக்க வச்சிருக்கிறன். சத்தமில்லாமல்! இதைவிட என்ன மேம்பாடு வேணும்?" கைதட்டல் கூரையை முட்டியது. டெனிஸ் அது பாட்டுக்கு என்று நினைத்துத் தலை வணங்கினார்.

கீழே இறங்கி வந்தவரிடம் கொட்வின் வாயைத் திறக்கும் முன்னரே டெனிஸ் தோளில் தட்டினார். "பரவாயில்லை. தொலைக்காட்சியில் எனக்குப் பதிலாக ஒருவன் கை அசைத்தான். இன்றைக்கு என் முறை." பிறகு, கழுத்துப்பட்டியை இறுக்கியபடி, "பெயர் எப்போது?" என்று கேட்டார்.

"கடைசியில்," என்றார் கொட்வின்.

பட்டியல் கமலநாயகியின் கையில் இருந்தது. நாற்பத்து மூன்று பெயர்கள், முத்திரையோடு. கொட்வின் மேலிருந்து கீழே வாசித்தார், கீழிருந்து மேலே வாசித்தார்.

"அக்கா, ஒரு பேர் மட்டும் சேர்க்கட்டோ? ஒண்டே ஒண்டு."

"விதி பதினாலு, கொட்வின். உங்களாலை வந்த விதி. இப்ப ஒரு பேரைச் சேர்த்தா, ஏன் என்ர பேரைச் சேர்க்கேல்லை எண்டு நாளைக்கு ஏழு குடும்பம் வெளியில போகும். ஏன் யோசிக்கிறியள்? உதுக்குத்தானே கடைசி வசனம் வச்சிருக்கிறம். அதுக்குள்ள எல்லாரும் வந்திடுவினம்."

மேடையில் ஏறியபோது மணி எட்டு. கதவுகளுக்கு வெளியே இன்னும் வெயில் நின்றது. சபை கொத்துரொட்டிப் பக்கம் போய்விட்டது. வரிசை வரிசையாக வெறுங் கதிரைகள். முன்வரிசையில் டெனிஸ் மட்டும் நிமிர்ந்து, கைகளை முழங்காலில் வைத்து, தலையைச் சற்றே சரித்து, ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் பரிசளிப்பு நாளில் பிள்ளைகள் அப்படித்தான் இருப்பார்கள்.

கொட்வின் வாசித்தார். இசைத் தென்றலுக்கு நன்றி. நிர்வாகத் திலகத்துக்கு நன்றி. ஒலியமைப்புக்கு, ஒளியமைப்புக்கு, கதிரைக்கு, றோல்ஸுக்கு, வடைக்கு இரண்டு தரம் நன்றி. நாற்பத்து மூன்றாவது பெயரும் முடிந்தது. மேடையில் எவரும் இல்லை. கேட்க டெனிஸைத் தவிர எவரும் இல்லை. இரண்டே இரண்டு சொல். சொல்லியிருந்தால் ஒன்றியம் உடைந்திருக்காது, உடைந்தாலும் தமிழுக்கு ஒரு நட்டமும் இல்லை. கொட்வின் வாயைத் திறந்தார். மண்டபத்தின் அந்தக் கடைசித் தொங்கலில் கமலநாயகி பட்டியலின் பிரதியில் விரலை வைத்துக்கொண்டு நிற்பதைக் கண்டார்.

"மற்றும்," என்றார், "பெயர் குறிப்பிடத் தவறிய அனைத்து நல்லுள்ளங்களுக்கும் எமது நன்றிகள்."

பட்டியலோடு இறங்கி வந்தார். டெனிஸ் எழுந்து நின்றார். முகத்தில் குழப்பம்.

"நான் கவனமாகக் கேட்டேன். என் பெயர் வந்ததாகத் தெரியவில்லையே?"

கொட்வின் அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நல்ல மனிதர், பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். பழக்கமில்லாதவர் சொன்னால் பொய் பெரிதாகத்தான் வரும். "எங்கள் மேடையில் மதிப்புக்குரியவர்களைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை," என்றார். "பட்டம்தான் சொல்வோம். தலைவரைக்கூட அப்படித்தான்."

"ஓ." டெனிஸின் முகம் தெளிந்தது. "அப்படியானால் என்னுடையது எது?"

"கடைசியாக வந்தது."

"அந்த நீளமானதா?" கிழவரின் கண் அகலமாகியது. "எல்லோருடையதையும் விட அது நீளமாக இருந்ததே! நீயும் அதை மட்டும் மெதுவாகச் சொன்னாய். குரல்கூட நடுங்கியது." கோட்டுப் பையிலிருந்து பென்சிலை எடுத்து நீட்டினார். "எழுதிக் கொடு. தமிழிலேயே எழுது."

கொட்வின் பட்டியலைத் திருப்பி, அதன் முதுகில், 'பெயர் குறிப்பிடத் தவறிய அனைத்து நல்லுள்ளங்கள்' என்று எழுதிக் கொடுத்தார். டெனிஸ் அதை நாலாக மடித்து நெஞ்சுப் பைக்குள் வைத்தார். மண்டபத்தில் கொத்துரொட்டி தீர்ந்திருந்தது.

மூன்று வாரம் கழித்து டெனிஸ் ஒரு பொட்டலத்தோடு அவருடைய அறைக்கு வந்தார். உள்ளே பித்தளைப் பலகை. சாவி வெட்டுகிற கடையில் கொடுத்துச் செதுக்குவித்திருந்தார். கொட்வினின் கையெழுத்து அப்படியே, கொம்பும் சுழியும் பிசகாமல் இருந்தது. தாளின் மறுபக்கத்திலிருந்து ஊறி வந்த முத்திரையின் அரைவட்டத்தையும் எழுத்தென்று நினைத்துக் கடைக்காரர் சேர்த்துச் செதுக்கியிருந்தார்.

"பெயர்ப்பலகை பூட்டுவது ஹவுஸ்மைஸ்டரின் வேலைதானே?" என்றார் டெனிஸ்.

ஆம், அது அவருடைய வேலைதான். கொட்வின் துளைக்கும் கருவியை எடுத்துக்கொண்டு இரண்டாம் மாடிக்கு ஏறினார். 'டெ. ஹாலம், பியானோ' என்றிருந்த பழைய பிளாஸ்டிக் அட்டையைக் கழற்றச் சொன்னார் டெனிஸ். கழற்றினார். நாலு ஆணியில் மூன்றைப் பூட்டி முடித்தபோது படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. கமலநாயகி. ஆண்டறிக்கையில் உப செயலாளரின் கையொப்பம் வாங்க வந்திருந்தார். அறிக்கையின் முதற்பக்கத்தில் தலைவர் வாய் திறந்து நிற்க, பின்னால் டெனிஸ். கீழே, 'தலைவருடன் ஒரு யேர்மன் நண்பர்.'

கமலநாயகி கதவைப் பார்த்தார். கண்ணாடியை இறக்கிவிட்டு மறுபடி பார்த்தார்.

"இது ஒன்றியத்தின்ர வசனமெல்லோ! முத்திரையும் கிடக்கு! ஆர் அனுமதி தந்தது?"

கொட்வின் நாலாவது ஆணியைக் கையில் எடுத்தார். வெட்கம் காது வரை ஏறி எரிந்தது.

"சொல்லுங்கோ கொட்வின். ஆரின்ர அறை இது? அந்த ஆளுக்குப் பேர் இல்லையோ?"

"இருக்குது அக்கா," என்றார் கொட்வின். எங்கிருந்தோ குரல் வந்தது. தாழ்வாரம் முழுக்கக் கேட்கும்படி, மேடையில்கூட அவர் அவ்வளவு உரத்துப் பேசியதில்லை. "டெனிஸ் ஹாலம்! அவற்ர பேர் டெனிஸ் ஹாலம்!"

பெயரைக் கேட்டு உள்ளேயிருந்து டெனிஸ் எட்டிப் பார்த்தார். வந்திருப்பவர் ஒன்றியத்துச் செயலாளர் என்று தெரிந்ததும் கோட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டார். பிறகு கொட்வினைப் பார்த்துச் சுட்டுவிரலை மெல்ல ஆட்டினார்.

"பெயரைச் சொல்லாதே, கொட்வின். இந்த அம்மாவின் முன்னால் முறைப்படி சொல்." விரல் பலகையைக் காட்டியது.

கமலநாயகி கொட்வினைப் பார்த்தார். டெனிஸ் நிமிர்ந்து நின்று காத்திருந்தார். ஒரு கையில் துளைக்கும் கருவியும் மறு கையில் நாலாவது ஆணியுமாக நின்ற கொட்வின், தன்னுடைய கையெழுத்தைத் தானே வாசித்தார்.

"பெயர் குறிப்பிடத் தவறிய அனைத்து நல்லுள்ளங்கள்."

டெனிஸ் தலை வணங்கினார்.